சேலத்து போர் தண்ணிக்கு 25 லிட்டர் சாஃப்ட்னர்: எங்கே உதவும், எங்கே சொதப்பும்

போர் தண்ணியில் புழங்குகிற சேலத்து வீட்டுக்கு, கடின நீரை மென்னீராக்குகிற 25 லிட்டர் ரெசின் சாஃப்ட்னர் நல்ல பொருள். காசு கொடுத்து மாட்டின பிறகும் பக்கெட்டில் அதே வெள்ளைப் படலம் என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் மெஷின் கெட்டுப்போனது குறைவு. மாட்டின இடம், செட்டிங், உப்பு இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் தப்பாக இருக்கும். இது எந்தக் கம்பெனியையும் குறித்த விமர்சனம் இல்லை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தருகிற வகையைத்தான் பார்க்கிறோம்: 10க்கு 35 அங்குல ஃபைபர் வெசல், உள்ளே 25 லிட்டர் கேட்டயான் ரெசின் (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிற சின்ன மணிகள்), தலையில் தண்ணி மீட்டர் வைத்த ஆட்டோ வால்வு, நிரம்பின ரெசினை உப்புக் கரைசலால் கழுவப் பக்கத்தில் உப்புத் தொட்டி. பிராண்டு போட்டு ஒரே பெட்டிக்குள் அடக்கி விற்பதிலும் உள்ளே இருப்பது இதே சமாச்சாரம்தான்.

முதலில் தண்ணி. மாநகராட்சிக் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணிக்கு இந்த மெஷின் தேவையில்லை. பிரச்சினை போரில்தான். சேலத்தின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மழைத்தண்ணி அதன் வெடிப்புகளுக்குள் மெதுவாக இறங்கி, நீண்ட நாள் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஜாகீர் அம்மாபாளையம், கருப்பூர் பக்கம் மக்னீசியமே பாறையாகக் கிடக்கிறது. அதை வெட்டி எடுத்ததால்தான் அங்கே ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். பாறை வெடிப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு போரின் கடினத்தன்மையும் வேறு வேறாக இருக்கலாம். ‘பக்கத்து வீட்டில் இதைத்தான் போட்டிருக்கிறோம்’ என்று கடைக்காரர் சொன்னால் அதை வைத்து அளவு முடிவு செய்யக் கூடாது.

கடைக்காரர் வந்ததும் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணிக்குள் விட்டு 1,100 என்று காட்டுவார். அந்த எண் இந்த மெஷினுக்கு உதவாது. டி.டி.எஸ். என்பது கரைந்த எல்லா உப்புகளின் மொத்தம். சாஃப்ட்னருக்கு வேண்டியது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை மட்டும். சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்கினால் வீட்டிலேயே பார்க்கலாம். போர் தண்ணியில் கிட்டில் வருகிற நிறம் காட்டும் பொருளைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். கிட்டில் இருக்கிற இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு முழுக்கப் போய் நீலமாகும்போது எத்தனை சொட்டு என்று எண்ணி, கிட்டில் போட்டிருக்கிற எண்ணால் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். ஊதா நிறத்தில் நிறுத்திவிடாதீர்கள், அது நடுவழி. கிட் வேண்டாம் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இரண்டு லிட்டர் கேனில் கொடுத்துச் சோதிக்கலாம். அறிக்கையில் இரும்பின் அளவும் இருக்கட்டும், அது பின்னால் வேலைக்கு வரும்.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. வீட்டுச் சாமான்களுக்கு அந்த 200-ஏ அதிகம். 180-க்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்ற வகை. போரின் கடினத்தன்மை 150-க்குள் இருந்தால் இந்த மெஷினை மறந்துவிடலாம். 300-ஐத் தாண்டினால் கணக்குப் போட உட்காரலாம். மே மாதம் போரில் தண்ணி மட்டம் இறங்கின சமயத்தில் எடுத்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்தால் குறைத்துக் காட்டக்கூடும்.

கணக்கு இப்படி. ஒரு லிட்டர் ரெசின், லிட்டருக்கு 120 கிராம் உப்பு என்ற அளவில் கழுவினால், சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து 1,000 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். போர் 500 மி.கி. என்றால் ஒரு லிட்டரில் அரை கிராம். ஆக 2,000 லிட்டர் ஓடியதும் ரெசின் நிரம்பிவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் குளியல், துணி, பாத்திரம், கீசருக்கு மட்டும் இந்தத் தண்ணியை விட்டால் நாளுக்கு 400 லிட்டர் போதும். ஐந்து நாளைக்கு ஒரு முறை கழுவல், ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ உப்பு, மாதம் 18 கிலோ. டாய்லெட் ஃப்ளஷ், தோட்டம், கார் கழுவல் எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்தால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கழுவல் ஆகும், உப்புச் செலவும் இரட்டிக்கும். ‘முழு வீட்டுக்கும் ஒரே மெஷின்’ என்ற விற்பனைப் பேச்சு சேலத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வால்வில் அளவு போடும்போது ஒரு குழி இருக்கிறது. சில வால்வுகள் கடினத்தன்மையை மி.கி.யில் கேட்காது, கிரெய்னில் கேட்கும். ஒரு கிரெய்ன் என்றால் லிட்டருக்கு 17.1 மி.கி. ஆகவே 500 என்பது 29. அங்கே 500 என்றே அடித்தால் மெஷின் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும். வேறு சில வால்வுகளில் எவ்வளவு தண்ணி ஓடியதும் கழுவ வேண்டும் என்பதைக் கன மீட்டரில் போட வேண்டும், நம் கணக்குக்கு 2.00. நாள் கணக்கில் ஓடுகிற டைமர் வால்வும் விலை குறைவாகக் கிடைக்கும். தண்ணிச் செலவு வாரத்துக்கு வாரம் மாறுகிற வீட்டில் அது சரிப்படாது. விருந்தாளி வந்த வாரத்தில் ரெசின் முன்பே நிரம்பிவிடும், ஊருக்குப் போன வாரத்தில் உப்பு வீணாகும். மீட்டர் வால்வுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் போகாது.

மாட்டுகிற இடத்தில்தான் அதிகம் கெடுகிறது

ரெசினைக் கழுவ உப்புக் கரைசலை இழுப்பது வால்வுக்குள் இருக்கிற ஒரு சின்ன இன்ஜெக்டர். அதற்கு மின்சார பம்ப் எதுவும் கிடையாது. ஓடுகிற தண்ணியின் அழுத்தத்தில் உண்டாகும் உறிஞ்சலே அதன் பலம். பெரும்பாலான வால்வுகள் இதற்கு 1.5 முதல் 2 கிலோ அழுத்தம் கேட்கின்றன. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. மொட்டைமாடி டேங்கின் அடியிலிருந்து முதல் மாடிக் குளியலறைக்கு மூன்று நாலு மீட்டர்தான் இருக்கும், அதாவது அரை கிலோவும் தேறாது. டேங்குக்கும் குளியலறைக்கும் நடுவில் சும்மா மாட்டினால் தண்ணி ஓடும், வால்வும் திரும்பும், கழிவுக் குழாயிலும் தண்ணி வரும். உப்பு மட்டும் உள்ளே போகாது. முதல் 2,000 லிட்டர் அருமையாக இருந்துவிட்டுப் பிறகு பழைய கதையே. உப்புத் தொட்டியில் போட்ட உப்பு மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நோய் இதுதான். அந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்றால் டேங்குக்கும் சாஃப்ட்னருக்கும் நடுவில் அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப் கட்டாயம்.

இன்னொரு வழி, மோட்டாருக்கும் டேங்குக்கும் நடுவில் மாட்டுவது. அழுத்தம் கிடைக்கும், வேறு இரண்டு சிக்கல் வரும். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 1,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 16 லிட்டர் வரைதான் நல்லது. சம்பிலிருந்து ஏற்றுகிற அரை ஹெச்.பி. மோட்டார் அதைப் போல இரண்டு மடங்கு தள்ளலாம். அந்த வேகத்தில் தண்ணி ரெசினோடு தங்காமல் ஓடிவிடும், டேங்கில் பாதி கடினமாகவே சேரும். மோட்டார் டெலிவரியில் டீ (T) இணைப்பு போட்டு ஒரு கிளையை சம்புக்கே திருப்பி, வால்வைத் திறந்து மூடி 16 லிட்டருக்குக் கொண்டுவர வேண்டும். பக்கெட்டையும் கடிகாரத்தையும் வைத்து அளந்தால் போதும்.

இரண்டாவது சிக்கல் நேரம். கழுவல் நடுராத்திரி 2 மணிக்கு என்றே ஆட்டோ வால்வுகளில் போட்டு அனுப்புகிறார்கள். வீடு தூங்கும், தண்ணி யாரும் திறக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் வைத்தது அது. மோட்டார் லைனில் மாட்டின வீட்டில் 2 மணிக்கு மோட்டார் ஓடுவதில்லை. வால்வு வறண்ட குழாயில் பேக்வாஷ், உப்பு, ரின்ஸ் என்ற கழுவல் கட்டங்களை எல்லாம் செய்து முடித்ததாக நினைத்துக்கொண்டு காலையில் வழக்கமான வேலைக்கு (சர்வீஸுக்கு) வந்து நிற்கும். கழுவல் நேரத்தை மோட்டார் ஓடுகிற நேரத்துக்கு மாற்றி, அந்த ஒன்றரை மணி நேரமும் மோட்டாரை ஓட விட வேண்டும். டேங்க் நிரம்பி ஆட்டோ கட்-ஆஃப் நடுவில் நிறுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மின்வெட்டில் கடிகாரம் தப்பாகிற வால்வாக இருந்தால் மாதம் ஒரு முறை நேரத்தைச் சரிபார்க்கவும்.

மோட்டார் லைனில் மாட்டுகிறவர்களுக்கு மாடியில் இரண்டு டேங்க் இருந்தால் நல்லது: ஒன்று மென்னீருக்கு, ஒன்று ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் பிளம்பிங்கின்போதே சமையலறைக்கு மேட்டூர் தண்ணி லைன், குளியலறைக்கு மென்னீர் லைன், ஃப்ளஷுக்கு நேரடிப் போர் லைன் என்று மூன்றையும் பிரித்துப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். டைல்ஸ் ஒட்டின பிறகு இதைச் செய்ய முடியாது. சாஃப்ட்னரைச் சுற்றி, வேண்டும்போது அதைத் தவிர்த்துத் தண்ணியை விட பைபாஸ் வால்வு மூன்றும், முன்னால் 20 மைக்ரான் மண் வடிகட்டியும் இல்லாமல் மாட்ட விடாதீர்கள்.

உப்பு, ரெசின், கழிவு

கழுவல் நாலு கட்டம். பேக்வாஷில் தண்ணி கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் ஓடி ரெசினைத் தூக்கிக் கிளறும், அழுக்கு வெளியேறும். பிறகு உப்புக் கரைசல் மெல்ல உள்ளே போகும், அதன் பின்னாலேயே மெதுவான ரின்ஸ். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். கடைசியில் வேகமான ரின்ஸ் பத்து நிமிடம். மொத்தம் சுமார் 200 லிட்டர் கழிவாகப் போகும். 2,000 லிட்டருக்கு 200 என்றால் பத்தில் ஒரு பங்கு. போர் வற்றுகிற ஏப்ரல், மே மாதங்களில் இது உறுத்தும். பேக்வாஷ் தண்ணியை மட்டும் தனியாகப் பிடித்தால் ஃப்ளஷுக்கு ஊற்றலாம். நடுவில் வருவது கடும் உப்பு, செடிக்கு ஆகாது. முக்கியமாக, கழிவுக் குழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விட்டுவிடாதீர்கள். வசதியாக அருகில் இருக்கிறது என்று பிளம்பர் அங்கேதான் கை வைப்பார். அப்படிச் செய்தால் போட்ட உப்பெல்லாம் சுற்றிக்கொண்டு அதே போருக்கு வந்து சேரும்.

உப்பில் மிச்சம் பிடிப்பது வீண் வேலை. லீ பஜாரில் மூட்டையாக வாங்குகிற சாதாரணக் கல்லுப்பில் மண்ணும் இருக்கும், கொஞ்சம் கால்சியம் மக்னீசியமும் இருக்கும். மண் தொட்டியின் அடியில் சேறாகித் தங்கி, இன்ஜெக்டரின் துளையை அடைக்கும். சமையல் தூள் உப்பு அதைவிட மோசம். ஈரம் பட்டால் கட்டியாகி, மேலே பாலம் போல ஓடு கட்டி, அடியில் தண்ணி மட்டும் நிற்கும். மேலிருந்து பார்த்தால் தொட்டி நிறைய உப்பு, உள்ளே இழுபடுவது வெறும் தண்ணி. மரக் குச்சியால் குத்திப் பார்த்தால் தெரியும், இரும்புக் கம்பி வேண்டாம், தொட்டி ஓட்டையாகும். சுத்திகரித்த வெள்ளைக் கல்லுப்போ சாஃப்ட்னர் மாத்திரை உப்போதான் சரி. 3 கிலோ உப்பு கரைய எட்டு லிட்டர் சொச்சம் தண்ணி போதும். ஆனால் முழுக்கக் கரைய மூன்று நாலு மணி நேரம் கொடுக்க வேண்டும். கழுவலுக்குப் பத்து நிமிடம் முன்னால் உப்பைக் கொட்டினால் பயனில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள், அப்போதே இன்ஜெக்டரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி இழுவை போய்விடும்.

ரெசினில் ஏமாற்றவும் இடம் உண்டு. வெளியே உயரமான வெசல், உள்ளே பாதி ரெசின் என்று விற்றால் வெளியிலிருந்து தெரியாது. 25 லிட்டர் ஈர ரெசின் 20 கிலோ சொச்சம் எடை வரும். கட்டுப் பிரிக்காத பையைக் கண்முன்னே பிரித்துக் கொட்டச் சொல்லலாம். ஐவரி நிற வெசலாக இருந்தால் இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ரெசின் நிற்கும் மட்டம் நிழலாகத் தெரியும். அதற்காக வெசல் நிறைய ரெசின் கேட்காதீர்கள். பேக்வாஷில் ரெசின் எழும்ப மூன்றில் ஒரு பங்காவது காலியிடம் வேண்டும், இல்லையென்றால் மணிகள் கழிவுக் குழாய் வழியே போய்விடும். குளியலறைக் குழாயிலேயே கடுகை விடச் சின்னதாகத் தேன் நிற மணிகள் வந்தால் ரெசினைத் தடுக்கிற அடி வலை (ஸ்ட்ரெய்னர்) உடைந்திருக்கிறது, உடனே பைபாஸில் போடுங்கள்.

போர் தண்ணி பக்கெட்டில் ராத்திரி வைத்தால் காலையில் செம்மஞ்சளாக மாறுகிறதா? இரும்பு. அதற்கு முன்னால் தனி இரும்பு வடிகட்டி போடாமல் சாஃப்ட்னர் மாட்டினால் ரெசின் மேல் துரு படிந்து பிடிப்பு குறைந்துகொண்டே வரும். நல்ல தண்ணியில் ஐந்து முதல் எட்டு வருடம் உழைக்கிற ரெசின், இரும்பில் அவ்வளவு நாள் தாங்காது.

என்ன மாறும், என்ன மாறாது

மாறுவது கண்ணுக்குத் தெரியும். சோப்பு திரிதிரியாகப் பிரியாமல் நுரைக்கும், சோப்பும் பவுடரும் குறைவாகப் பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்திலும் ஷவர் தலையிலும் வெள்ளைப் புள்ளி குறையும். கீசர் காயிலில் ஓடு கட்டாது. காயில் எரிந்துபோவதற்கு அந்த ஓடுதான் காரணம்: சூடு தண்ணிக்குப் போக முடியாமல் காயிலுக்குள்ளேயே தங்குகிறது. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். வெயில் காலத்தில் குழாய்களுக்குள் தண்ணி கொதிநிலைக்குக் கிட்டத்தில் போகும். சூடு ஏற ஏறப் படிவு அதிகம் என்பதால் போர் தண்ணி விட்ட கண்ணாடிக் குழாய்களின் அடியில் வெள்ளைப் பொடி கட்டி நிற்கும். ஒன்று மட்டும்: மென்னீரில், ஹீட்டர் டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிற மக்னீசிய அனோடு கம்பி சீக்கிரம் கரையலாம், வருடம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

டி.டி.எஸ். குறையாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். மாட்டின பிறகு மீட்டரில் அதே 1,100 காட்டினால் மெஷின் வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், சொட்டுக் கிட்டில் பாருங்கள். 100 மி.கி. கடினத்தன்மை போனால் 46 மி.கி. சோடியம் ஏறும். 500-க்கு 230. அந்தத் தண்ணியை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 1.2 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனதற்குச் சமம். ரத்த அழுத்தக்காரர்கள் இருக்கிற வீட்டில் இதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மேட்டூர் தண்ணியே இருக்கட்டும், பருப்பும் அதில் நன்றாக வேகும். போர் மட்டுமே கதி என்றால் மென்னீரை ஆர்.ஓ.வுக்கு விடலாம், ஆர்.ஓ. சோடியத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும், மெம்பரேனும் சுண்ணாம்பு அடைக்காமல் உழைக்கும்.

குளித்த பிறகு உடம்பில் சோப்பு போகாத மாதிரி வழுவழுப்பு இருக்கும். சிலருக்குப் பிடிக்காது. வால்வில் மிக்ஸிங் திருகு இருந்தால் கொஞ்சம் போர் தண்ணியைக் கலந்து 50 முதல் 80 மி.கி.யில் நிறுத்தலாம், வழுவழுப்பு குறையும், உப்பும் மிச்சம். முடி கொட்டுவது நின்றுவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. கடின நீரில் முடி சொரசொரப்பாகும் என்பது சரி, உதிர்வை நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்காக வாங்காதீர்கள்.

இதற்குப் பதிலாக விற்கிற சின்னச் சாமான்களைப் பற்றி வேகமாக: குழாயில் திருகுகிற ஷவர் ஃபில்டர் குளோரினையும் மண்ணையும் பிடிக்கலாம். கை அளவு கேட்ரிட்ஜ் 500 மி.கி. தண்ணியின் கடினத்தன்மையைப் பிடித்துத் தாங்காது, மேலே போட்ட ரெசின் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். குழாய் மேல் கட்டுகிற காந்தம் எதையும் எடுப்பதில்லை, சொட்டுக் கிட் முன்னும் பின்னும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பாலிபாஸ்பேட் உருண்டை போட்ட கேட்ரிட்ஜ் கடினத்தன்மையைக் குறைக்காது, ஓடு கட்டுவதைத் தள்ளிப்போடும். வாஷிங் மெஷின் இன்லெட்டுக்கு அது பரவாயில்லை, அதிகச் சூட்டில் பலம் போய்விடும் என்பதால் கீசரை நம்பி ஒப்படைக்க வேண்டாம்.

ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணி விடுகிற வீடுகளுக்கும் காட்டேஜ்களுக்கும் பெரும்பாலும் இந்த மெஷினே வேண்டாம். அங்கே போர் போட்டிருந்தால் மட்டும் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பில்லில் ரெசின் எத்தனை லிட்டர், வெசல் அளவு, வால்வு மீட்டர் வகையா டைமர் வகையா, குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு கடை விலையை ஒப்பிட அந்த நாலும் இருந்தால்தான் முடியும். முதல் கழுவல் முடிந்த பிறகு கிட்டில் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். மாட்டின அன்றைக்கு எல்லா மெஷினும் நன்றாகத்தான் வேலை செய்யும், உப்பை இழுக்கிறதா என்பது முதல் கழுவலில்தான் தெரியும்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதில் பணம் போட வேண்டாம். கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் போதும். வாஷிங் மெஷினில் துணி இல்லாமல் 100 கிராம் போட்டு 60 டிகிரி சுற்று ஒன்று, பிறகு வெறும் தண்ணிச் சுற்று ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஷவர் தலையையும் குழாய் மூக்கு வலையையும் லிட்டருக்கு 40 கிராம் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில் அரை மணி ஊறவைத்தால் கறை விட்டுவிடும். டாய்லெட் ஆசிட்டைக் குழாய்மேல் ஊற்றினால் குரோம் பூச்சு உரிந்து பித்தளை கறுத்துப்போகும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குளியலறை ஜன்னல் திறந்திருந்தாலும் அது ஆபத்துதான்.